அரைநாள் ஜமீன்தார்

ஆகஸ்ட் 15 அன்று நம் ஊரில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுப்பார்கள். டெக்சஸில் அன்றைக்குத்தான் புது வருஷத்து வேட்டை லைசென்ஸ் விற்பனைக்கு வரும். புறா சீசன் தொடங்க இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. லைசென்ஸ் ஒன்றும் தீர்ந்துபோகிற சரக்கும் இல்லை. இருந்தாலும் கடையின் ஷட்டர் ஏறும் முன்பே வாசலில் ஒருவர் நிற்பார். எழுபது தாண்டிய உடம்பு, வெளுத்துப்போன தொப்பி, மூக்கில் ஒரு கண்ணாடி, சட்டைப் பையில் இன்னொரு கண்ணாடி. அந்த மாநிலத்தில் புறா சுடுகிறவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். அதில் ஊருக்கு நாலு பேராவது இந்த ரகம். எனக்கு வாய்த்தவர் பக்கத்து வீட்டிலேயே இருந்தார்.

லைசென்ஸ் விலை 25 டாலர். 65 வயதானவர்களுக்கு 7. இந்தச் சலுகை கிடைத்த முதல் வருஷம், இவர் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டுவதற்குள் கவுன்ட்டர் பையன் முகத்தைப் பார்த்தே, "ஏழு டாலர் சார்" என்று சொல்லிவிட்டான். 18 டாலர் லாபம். அந்த 18 டாலரை இவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. வலசைப் பறவைகளைச் சுடுவதற்குத் தனியாக இன்னோர் அனுமதி வாங்க வேண்டும். அதுவும் 7 டாலர்தான். ஆக, மாநில அரசின் கணக்கில் இவருக்கும் புறாவுக்கும் ஒரே விலை.

லைசென்ஸ் கொடுக்கும்போது, போன வருஷம் புறா சுட்டீர்களா, கொஞ்சமா நிறையவா என்று கேட்பார்கள். பறவை வேட்டைக் கணக்கெடுப்புக்காக எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டு நகர்வார்கள். இவர் மட்டும் வரிசையின் கடைசி ஆளுக்குக் கேட்கும்படி பதில் சொல்வார். அந்தப் பதிலை நம்பித்தான் அமெரிக்காவில் சுடப்படும் புறாக்களின் எண்ணிக்கையை மதிப்பிடுகிறார்கள் என்றால், எனக்குப் புறாக்களை நினைத்துக் கவலையாக இருக்கிறது.

நான் பொள்ளாச்சிக்காரன். சான் அன்டோனியோவில் பதினோரு வருஷம் இவருக்கு அண்டை வீடு. டெக்சஸ்காரர்களின் ஆங்கிலம் வார்த்தைக்கு வார்த்தை ரப்பராக இழுபடும், மரியாதையும் ஜாஸ்தி. நான் பழக்கதோஷத்தில் எல்லோரையும் சார் என்று கூப்பிட்டபோது யாரும் முறைக்காத ஒரே அமெரிக்க மாநிலம் அதுதான். அவர் என்னை 'சன்' என்பார். அந்த இழுவையும் அந்த 'சன்'னும் என் காதுக்குள் நுழைவதற்குள் கொங்குத் தமிழாக மாறிவிடும், 'கண்ணு' என்றுதான் கேட்கும். கேட்டபடியே எழுதுகிறேன்.

"கண்ணு, புறா சுடறவனுக்கு மூணு வேணும். கண்ணு வேணும், தோளு வேணும், நெலம் வேணும்."

கண் இரண்டிலும் புரை அறுவை ஆகிவிட்டது. தோளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நிலம்தான் பெரிய கதை.

டெக்சஸ் நிலத்தில் சுமார் 95 சதவீதம் தனியார் கையில். நம் ஊரில் காடு என்றால் சர்க்காருடையது. அங்கே காடு, மேடு, குட்டை எல்லாவற்றுக்கும் ஓர் உரிமையாளர், ஒரு முள்வேலி. இவர் வாலிபமாக இருந்த 1970-களில் இது ஒரு பிரச்சினையே இல்லை என்பார். பண்ணை வீட்டு வாசலில் போய்த் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் போதும். பெரியவர் கதவைத் திறந்து, நீ யார் வீட்டுப் பையன் என்று கேட்பார். அப்பா பேரைச் சொன்னால் வயல் திறந்துவிடும். கட்டணம் உண்டு, காசாக இல்லை: வைக்கோல் கட்டு ஏற்றும் நாளில் ஒரு கை கொடுக்க வேண்டும், கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் விஸ்கி, அடித்த புறாவில் அரை டஜன் சுத்தம் செய்து பெரியவரின் சம்சாரத்திடம் ஒப்படைக்க வேண்டும். படலைத் திறந்தால் மூட வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

பெரியவர் காலமானார். பிள்ளைகள் ஹூஸ்டனில். அவர்களுக்கு இவருடைய அப்பா யார் என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஒரு பகுதி பத்து ஏக்கர் துண்டுகளாகப் பண்ணை வீட்டு மனையாயிற்று. மிச்சத்தில் வேட்டைக் குத்தகை வந்தது. காசு வாங்கி வேட்டைக்கு விடுகிற நில உரிமையாளரும் மாநில அரசிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். வேலிக் கம்பத்தில் ஊதாச் சாயமும் வந்தது. டெக்சஸில் மரத்திலோ கம்பத்திலோ எட்டு அங்குலத்துக்குக் குறையாமல் ஊதா நிறத்தில் நெட்டுக்கோடு போட்டிருந்தால், 'அத்துமீறி நுழையாதே' என்று பலகை மாட்டியதற்குச் சமம், 1997-லிருந்து சட்டம். "முன்னெல்லாம் பண்ணைக்காரன் பேரத் தெரிஞ்சு வெச்சிருந்தேன் கண்ணு. இப்பக் கலரத் தெரிஞ்சு வெச்சிருக்கறேன்" என்றார் ஒரு நாள், வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே. அவருக்குத் தெரிந்த ஒன்பது வயல்களில் எட்டின் வேலி ஊதாவாகிவிட்டது.

மலிவான வழி ஒன்று இருக்கிறது. 48 டாலருக்கு வருஷ அனுமதி வாங்கினால், மாநில வனவிலங்குத் துறை பண்ணைக்காரர்களிடம் பேசி எடுத்து வைத்திருக்கும் பொது வயல்களில் உட்காரலாம். இவரும் ஒரு தடவை போனார். அன்று சீசனின் முதல் நாள். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் புறா பறந்தால் எப்படியிருக்கும், அப்படி. ஒரு புறா வந்தால் நாலு பக்கமும் துப்பாக்கி எழுந்தது. விழுந்தால் அது யாருடைய புறா என்று பஞ்சாயத்து. சுட்ட ரவை மேலே போய்ப் பொலபொலவென்று தொப்பியில் உதிர்ந்ததாம். ரவை என்றால் உப்புமாவை மட்டும் அறிந்த வம்சம் நான். இந்த ரவை கடுகு பருமன், ஈயம். தூரத்திலிருந்து விழும்போது காயம் ஆகாது, கௌரவம்தான் போகும். வீட்டுக்கு வந்தவர் அந்த 48 டாலர் அட்டையைப் பழைய கல்யாணப் பத்திரிகைகளோடு போட்டுவிட்டார்.

ஆகவே இப்போது அரைநாள் குத்தகை. காஸ்ட்ரோவில் தாண்டி ஒரு சூரியகாந்திக் கொல்லை, ஒரு குட்டை, மதியத்திலிருந்து சூரியன் விழும்வரை, ஆளுக்கு 125 டாலர். கூட வருகிறவன் சுடாவிட்டாலும் 20 டாலர், அது நான். முதியோர் சலுகை உண்டா என்று இவர் கேட்டதை என் காதால் கேட்டேன். கவுன்ட்டர் பையனை மன்னிக்காத அதே மனிதர்! இல்லை என்றார்கள். சற்று நிம்மதி அடைந்த மாதிரிதான் தெரிந்தது.

பணம் கட்டினால் கையெழுத்துப் போட நாலு பக்கப் பத்திரம் வரும். பாம்பு கடித்தாலும், காளை முட்டினாலும், வெயிலில் சுருண்டாலும், அடுத்த வேட்டைக்காரர் சுட்டாலும் நிலத்துக்காரர் பொறுப்பல்ல. இவர் அதைக் கல்யாண மந்திரம்போலக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டார். நான் முழுதும் படித்துவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன்.

எல்லைக் கணக்கு வேறு. புறா சீசனுக்கு டெக்சஸை வடக்கு, மத்தி, தெற்கு என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் மத்திக்கும் தெற்குக்கும் நடுவே கோடு 90-ஆம் எண் நெடுஞ்சாலை. சாலைக்கு வடக்கே செப்டம்பர் 1-ஆம் தேதியே சுடலாம். தெற்கே முழு சீசனுக்குச் சுமார் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். நடுவில் வெள்ளிறகுப் புறாவுக்கென்று சில விசேஷ நாட்கள். சாலையைத் தாண்டுகிற புறாவுக்கு இந்த விவரம் நம்மைவிட நன்றாகத் தெரியும் என்பது இவருடைய முடிவு.

புறாக்களில் மூன்று முக்கியம். ஒன்றை 'மோர்னிங்' புறா என்றார். காலையில் பறப்பது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எழுத்துக் கூட்டிப் படித்தபோதுதான் தெரிந்தது, அது துக்கம் காக்கிற புறா. கூவல் ஒப்பாரி மாதிரி இருப்பதால் அந்தப் பேர். எடை சுமார் 120 கிராம். தின்பதற்கு நெஞ்சுக்கறி இரண்டு துண்டு. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். இரண்டாவது வெள்ளிறகுப் புறா, கொஞ்சம் புஷ்டி.

மூன்றாவதைப் பார்த்ததும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். பொள்ளாச்சியில் எங்கள் வீட்டு மின்கம்பியில் உட்காருகிற கள்ளிப்புறா! கழுத்துக்குப் பின்னால் அதே கறுப்புக் கோடு. 1970-களில் பஹாமாஸில் கூண்டிலிருந்து தப்பி, ஃபுளோரிடா வழியாக அமெரிக்கா முழுக்கப் பரவிவிட்ட இனம். மற்ற இரண்டுக்கும் நாளொன்றுக்கு ஆளுக்கு 15 என்று உச்சவரம்பு, சீசன், சட்டம். வெளிநாட்டிலிருந்து வந்த கள்ளிப்புறாவுக்கு மட்டும் எதுவும் கிடையாது. வருஷம் முழுக்க எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். இதை என்னிடம் சொல்லும்போது அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "உன்னயச் சொல்லல கண்ணு" என்றார். என் விசா விஷயம் அப்போது இழுபறியில் இருந்தது அவருக்குத் தெரியும்.

கொல்லைக்குள் போனதும் ஆள் மாறினார். அதுவரை மூட்டு வலிக்கிறது, படி ஏற முடியவில்லை என்று வந்தவர், படலைத் தாண்டியவுடன் இடுப்பில் கை வைத்து நாலு திசையும் பார்த்தார். காற்று எங்கிருந்து, சூரியன் எங்கே சாயும், குட்டைக்கு எந்தப் பக்கமாக இறங்கும் என்று கையால் கோடு போட்டார். சூரியகாந்தித் தாள் மிச்சத்தைக் காலால் புரட்டி, மண்ணைக் கிள்ளி உதிர்த்தார். போன வருஷம் இங்கே ஒரு மெஸ்கிட் மரம் இருந்ததே, ஏன் வெட்டினார்கள் என்று அதட்டினார். அதட்டியது யாரை? என்னை. அன்று மதியம் ஒரு மணி முதல் அஸ்தமனம் வரை அந்த நிலம் அவருடையது. மிராசுதார் அறுப்புப் பார்க்க வந்தால் இப்படித்தான் நடப்பார்.

சிம்மாசனம் ஒரு பிளாஸ்டிக் வாளி. மேல் மூடி சுற்றும்படி செய்து பஞ்சு வைத்திருப்பார்கள். உள்ளே தோட்டா, தண்ணீர், ரத்த அழுத்த மாத்திரை. வாளியில் உட்காருவது சுலபம். எழுந்திருப்பதற்குள் புறா மெக்சிகோ போய்விடும். அதனால் உட்கார்ந்தபடியே சுடுவார். சுழல வேண்டும், சுழன்றால் இடுப்பு பிடிக்கும். பக்கத்தில் அவருடைய லாப்ரடார். பன்னிரண்டு வயது, மோவாய் நரைத்துவிட்டது. அது முதலில் ஒரு நல்ல நிழலைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. 38 டிகிரி வெயிலில் அங்கே அறிவுடன் நடந்துகொண்ட ஜீவன் அது ஒன்றுதான்.

சட்டப்படி துப்பாக்கியில் ஒரு நேரத்தில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது ஒரு புறாவுக்கு மூன்று தடவை தவறலாம். முதல் புறா வந்தது. டுப், டுப், டுப். புறா போய்விட்டது. நாய் மெதுவாகத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. இந்தப் பார்வையை நான் முன்பே எங்கோ பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். கணக்குப் பரீட்சைப் பேப்பரை நீட்டும்போது எங்கள் வாத்தியார் பார்த்த பார்வை. பிறகு தலையைப் பழையபடி முன்னங்காலில் வைத்துக்கொண்டது.

"பாத்தியா கண்ணு? றெக்கை உதுந்துச்சு."

எனக்கு ஒன்றும் உதிர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இது புறா வேட்டையின் முதல் விதி என்று போகப்போகத் தெரிந்துகொண்டேன். சுட்டது தவறுவதே இல்லை. றெக்கை உதிரும். இல்லாவிட்டால் பறவை 'பட்டு'விடும், ஆனால் அக்கட்டால போய் விழும், அக்கட்டால என்பது வேலிக்கு அந்தப் புறம், ஊதாச் சாயத்துக்கு அப்பால், தேடப்போக முடியாத இடம். அப்புறம் சூரியன் கண்ணில். காற்று குறுக்கே. தோட்டா போன வருஷத்துச் சரக்கு. கடைசியில் நான்: "நீ மூச்சு விட்ட கண்ணு, அது பாத்துருச்சு."

புறா இருக்கிற இடத்தில் சுட்டால் ரவை அதன் வாலுக்குப் பின்னால் போகும். போகப்போகிற இடத்தில் சுட வேண்டும். பறவையோடு குழாயை நகர்த்தி, அதைத் தாண்டி, நிறுத்தாமல் விசையை இழுக்க வேண்டும். இதை அவர் ஒரு குச்சியை வைத்து எனக்குச் சொல்லித் தந்தபோது அற்புதமாக இருந்தது. குச்சியால் ஒரு புறாவும் தப்பியிருக்காது.

தோளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அப்பா விட்டுப்போன துப்பாக்கி 12 கேஜ். அது உதைக்கிற உதையில் தோள் ஊதாவாகிவிடும், வேலிக் கம்பம் மாதிரி. அறுபதைத் தாண்டியதும் 20 கேஜுக்கு இறங்கினார். இந்தக் கணக்கில் எண் கூடக்கூடக் குழாய் சிறுக்கும், உதையும் குறையும். கேட்டால், "இது அம்மணிக்கு வாங்கினது, சும்மா எடுத்தாந்தேன்" என்பார். அம்மணி என்பது அவர் சம்சாரம், வாழ்நாளில் துப்பாக்கி தொட்டவர் இல்லை. போன மாதம் 28 கேஜ் விலைப்பட்டியல் ஒன்று அவர் மேஜையில் கிடந்தது. டெக்சஸில் ஓர் ஆளின் வயதைப் பல்லைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

காதும் போயிற்று, இடது காது. வலது தோளில் துப்பாக்கி வைக்கிறவர்களுக்கு இடதுதான் முதலில் கெடுமாம், குழாய் முனைக்குப் பக்கம் என்பதால். சாப்பாட்டு மேஜையில் அம்மணி உட்காருவது அவருக்கு இடப்பக்கம். முப்பது வருஷமாக இடத்தை மாற்றிக்கொள்ள இவர் சம்மதிக்கவில்லை.

நூறடி தள்ளி ஐந்து இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். ஐஸ் பெட்டி, பாட்டு, பாட்டரியில் இறக்கை சுழலும் பொம்மைப் புறா. இவர் இங்கே அரைமணி நேரம் காற்றைப் பார்த்து இடம் பிடித்தால், அவர்கள் பொம்மையைக் குச்சியில் செருகி ஸ்விட்சைத் தட்டினார்கள். புறாக்கள் பாட்டைக் கேட்டு வருகிற மாதிரி வந்தன. ஒரு மணி நேரத்தில் ஆளுக்குப் பதினைந்து முடித்து, கிளம்பும்போது, "எத்தனை சார்?" என்று ஒருவன் மரியாதையாகக் கேட்டான். இவர் இடது காதைத் திருப்பிக்கொண்டார்.

மார்கழி மாதம் சென்னை சபாக்களில் பார்த்திருப்பீர்கள். முட்டி மடங்காத ஒரு மாமா வருஷா வருஷம் ஏறுகிற விலைக்கு சீசன் டிக்கெட் வாங்கி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, அந்தக் காலக் கச்சேரியைப் பற்றிப் பேசியே இந்தக் காலக் கச்சேரியைக் கேட்காமல் இருப்பார். ராகம் தப்பாகச் சொன்னாலும் தாளம் தொடையில் சரியாக விழும். எனக்கு இவர்கள் இருவரையும் ஒரே கேன்டீனில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

சூரியன் சாய, புறாக்கள் தண்ணீர் குடிக்கக் குட்டைக்கு இறங்கின. அந்தக் கடைசி முக்கால் மணி நேரம் அவர் பேசவில்லை. எழுந்து நின்றே சுட்டார். எப்போது எழுந்தார் என்று நான் கவனிக்கவில்லை. ஒரு வெள்ளிறகுப் புறா தலைக்கு மேல் வேகமாக வந்தது, குழாய் அதைத் தொட்டு, தாண்டி, போய்க்கொண்டே இருந்தது, ஒரே டுப். நாய் அவரைப் பார்க்காமலே ஓடி, வாயில் நசுக்காமல் எடுத்து வந்து கையில் வைத்தது. அவர் உடனே பைக்குள் போடவில்லை. சிறகை விரித்து வெள்ளைப் பட்டையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். கை லேசாக நடுங்கியது. நான் குட்டையைப் பார்த்துக்கொண்டேன்.

மொத்தம் நாலு. நான் கணினிக்காரன், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 20 கேஜ் தோட்டாவில் அவர் போடுகிற சின்ன ரவை சுமார் 350. ஐம்பது தோட்டா தீர்ந்தது. 17,500 ரவை. புறா ஒன்றுக்கு 4,375. இதை வண்டியில் சொன்னேன், வலது காதுப் பக்கமாக. சற்று நேரம் யோசித்துவிட்டு, "ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி எழுவத்தி எட்டுல இதவிட மோசம்" என்றார். அவர் அந்தக் காலத்தைப் பற்றிச் சொன்ன ஒரே உண்மை அதுவாக இருக்கலாம். படலருகே நின்ற குத்தகைப் பையனிடம் அடுத்த வருஷத்துக்கு முன்பணம் கட்டியபோது அவர் பேரம் பேசவில்லை.

வீட்டில் அம்மணி கேட்டார்: "எத்தனைங்க?"

"நாலு. அதுல ஒண்ணு இவங்க ஊர்க்காரன். கணக்குல வராது."

நெஞ்சுக்கறியில் ஹலபீன்யோ மிளகாயும் க்ரீம் சீஸும் வைத்து, பன்றிக்கறிப் பட்டையால் சுற்றி, அடுப்பில் வாட்டினார். எட்டுத் துண்டு, மூன்று பேர். மிளகாய் மணமும் பட்டையின் கொழுப்பும்தான் நாக்கில் நின்றன. புறா அங்கே ஒரு வதந்தி.

மறுநாள் காலை, அவர் வீட்டுத் திண்ணையில் காபி. ஒரு காலத்தில் தென்கோடி ரியோ கிராண்டே பள்ளத்தாக்கோடு நின்றிருந்த வெள்ளிறகுப் புறாக்கள் இப்போது சான் அன்டோனியோ தெருக்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊருக்குள் தூங்கி, பல மைல் பறந்து வயலுக்கு இரை தேடப் போகும். அம்மணி தினமும் தோட்டத்துத் தீனிப் பெட்டியில் சூரியகாந்தி விதை நிரப்புவார். அதே விதையை வேட்டை வயலில் தூவினால் மத்திய அரசு வழக்குப் போடும். வீட்டில் தூவினால் புண்ணியம். ஊருக்குள் சுடவும் முடியாது. ஆக, காலையில் இவர் வீட்டில் இலவசமாகத் தின்ற புறாவை, மதியம் 125 டாலர் கட்டி நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சுடுகிறார் என்பது என் சந்தேகம். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. பதினோரு வருஷத்தில் அவரே யோசித்திருக்க மாட்டாரா?

"ஏனுங்க, பெட்டி காலியாக் கெடக்குது" என்றது உள்ளிருந்து குரல்.

மூட்டையை நான் தூக்கினேன், அவர் நிரப்பினார். திரும்பி வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு மின்கம்பியைப் பார்த்தார். உதடு அசைந்தது. பத்தொன்பது. உச்சவரம்புக்கு மேல் நாலு.

அதில் ஒன்று சிறகைத் தட்டிக் கிளம்பியது. காபிக் கோப்பை அதோடு சேர்ந்து மெதுவாக நகர்ந்தது, பறவையைத் தொட்டு, தாண்டி, ஒரு முழம் முன்னால். காபி சிந்தவில்லை.

"பட்டுதா சார்?" என்றேன்.

"றெக்கை உதுந்துச்சு கண்ணு."